விசைப்பலகையின் ஓரத்து விசைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் ஒரு மாடி அறையில் மாலை நேரக் கணினி வகுப்பு நடத்துகிறேன். நோர்வூட், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் பஸ் பிடித்து வருகிறார்கள். எழுத்து விசைகளை ஒரு வாரத்தில் தேடிப் பிடித்துவிடுவார்கள். தடுமாறுவதெல்லாம் ஓரத்தில் இருக்கும் விசைகளில்தான். அது அவர்கள் குற்றமல்ல. கைத்தொலைபேசியில் பழகிய விரலுக்குக் கொன்ட்ரோலும் டெப்பும் எஸ்கேப்பும் புதியவை. ஒரு விசைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்ட பிள்ளை அதன் வேலையை மறப்பதில்லை என்பதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஆகவே பெயர்க் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன். விண்டோஸ் கணினியை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

இந்த விசைகளைத் தமிழ்ப் பெயரால் சொல்லக் கூடாதா?

சொல்லலாம். ஆனால் பலகையில் அச்சாகியிருப்பது ஆங்கிலப் பெயர். நேர்முகத் தேர்வில் "எஸ்கேப்பை அழுத்துங்கள்" என்றுதான் சொல்வார்கள். ஷிப்ட், ஓல்ட் இரண்டையுமே "மாற்று" என்று பெயர்த்துவிட்டால் குழப்பமே மிஞ்சும். பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் தமிழில் மனத்தில் பதியட்டும்.

ஷிப்ட் என்றால் நகர்த்துவது. எதை நகர்த்துகிறோம்?

இன்று எதையும் நகர்த்துவதில்லை. ஆனால் தட்டச்சு இயந்திரத்தில் உண்மையாகவே ஒரு பாகம் நகர்ந்தது. 1878 இல் வந்த ரெமிங்டன் இரண்டாம் இலக்க இயந்திரத்தில் ஒவ்வோர் அச்சுக் கம்பியின் நுனியிலும் பெரிய எழுத்து ஒன்றும் சிறிய எழுத்து ஒன்றும் இருந்தன. ஷிப்டை அழுத்தினால் தாள் சுற்றிய உருளை இடம் மாறும். மற்ற எழுத்து தாளில் விழும். அதை அழுத்திய நிலையிலேயே பூட்டி வைக்க வந்த பூட்டுத்தான் இன்றைய கெப்ஸ் லொக்கின் மூதாதை.

இரண்டு பக்கமும் ஷிப்ட் இருப்பதற்குக் காரணம் உண்டு. இடது கை எழுத்துக்கு வலது ஷிப்ட், வலது கை எழுத்துக்கு இடது ஷிப்ட். முதல் நாளே இப்படிப் பழகிவிடுங்கள். பிறகு திருத்துவது கடினம்.

பாமினியில் தட்டும்போது திடீரென்று எழுத்தெல்லாம் மாறிவிடுகிறதே?

கெப்ஸ் லொக் விழுந்திருக்கும். ஆங்கிலத்தில் சிறிய எழுத்துப் பெரியதாகும், அவ்வளவுதான். பாமினி என்பது ஆங்கில விசைகளிலேயே தமிழைத் தட்டும் பழைய எழுத்துரு; அதில் சொல்லே மாறிவிடும். "மகன்" என்று தட்ட கே, எப், டி, பிறகு அரைப்புள்ளி விசை. கெப்ஸ் லொக் விழுந்த நிலையில் இதே நான்கு விசைகளையும் தட்டுங்கள்: ம "மு" ஆகிறது, க "கு" ஆகிறது, ன "னு" ஆகிறது. அரைப்புள்ளி விசைக்குக் கெப்ஸ் லொக் பொருந்தாது. ஆகவே புள்ளி மட்டும் புள்ளியாகவே நிற்கும். திரையில் "முகுனு", அதன் தலையில் தொங்கும் ஒரு புள்ளி. கணினி கெட்டுவிட்டது என்று பயந்த பிள்ளைகள் உண்டு. பலகையில் கெப்ஸ் லொக் விளக்கைப் பாருங்கள், ஒருமுறை அழுத்தி அணையுங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் கணினி ஏற்க மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியதும் அந்த விளக்கைத்தான்.

டெப் விசை எதற்கு? இடைவெளி விசையைப் பலமுறை தட்டினால் போதாதா?

போதாது. இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அலுவலக வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட உதவும் விசை வேறில்லை.

டெப் என்பது டெபியுலேட்டர் என்பதன் சுருக்கம். அட்டவணை போடுவதற்கான விசை. தட்டச்சு இயந்திரத்தில் எண்களை ஒரே நேர்கோட்டில் நிறுத்த அது பிறந்தது. இடைவெளிகளைத் தட்டித் தட்டி வரிசைப்படுத்திய பட்டியல், எழுத்தின் அளவை மாற்றியவுடன் கலைந்துவிடும். டெப் போட்டது எளிதில் கலையாது.

கொழுந்து நிறுவைக் கணக்கை எக்செலில் பதிவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிரலில் பெயர், பிறகு காலை, மதியம், மாலை. பெயரைத் தட்டி டெப். காலைக் கிலோவைத் தட்டி டெப். மதியத்தைத் தட்டி டெப். மாலையைத் தட்டி என்டர். கர்சர் எங்கே போகிறது என்று கவனியுங்கள். மாலை நிரலின் கீழே போகாது. அடுத்த வரியில் பெயர் நிரலுக்கே திரும்பி வந்து நிற்கும். எந்த இடத்தில் டெப் அடிக்கத் தொடங்கினோம் என்பதை எக்செல் நினைவில் வைத்திருக்கிறது. எண்பது பேரின் கணக்கையும் மவுஸைத் தொடாமலே முடித்துவிடலாம். எங்கள் வகுப்பில் ஒரு பெண் இதை முதன்முறை செய்து பார்த்தபோது கையை எடுத்துவிட்டு, "மிஸ், அது தானாகவே திரும்பி வருகிறது" என்றாள். அன்று அவள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிடும்வரை தட்டிக்கொண்டிருந்தாள்.

இணையப் படிவங்களிலும் டெப் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும். ஷிப்டுடன் சேர்த்தால் முந்தைய கட்டம். தேர்வுப் பெறுபேறு பார்க்கும்போது சுட்டெண்ணைத் தட்டி, டெப் அடித்து, என்டரை அழுத்தினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

என்டரை அழுத்தினால் வட்ஸ்அப் செய்தி பாதியில் போய்விடுகிறது. ஒரே செய்தியில் இரண்டாம் வரி எழுதுவது எப்படி?

ஷிப்டைப் பிடித்துக்கொண்டு என்டர். கணினியில் திறந்த வட்ஸ்அப்பில் அது புதிய வரி தரும், செய்தியை அனுப்பாது. வேர்ட்டில் ஷிப்டும் என்டரும் பந்தியை உடைக்காமல் வரியை மட்டும் உடைக்கும். கொன்ட்ரோலும் என்டரும் புதிய பக்கத்துக்குப் போகும். எக்செலில் ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரி வேண்டுமென்றால் ஓல்ட்டும் என்டரும். நம் முகவரிகளுக்கு இது மிகவும் தேவை: வீட்டு இலக்கம், மேற்பிரிவோ கீழ்ப்பிரிவோ, தோட்டத்தின் பெயர், தபாலகம் என்று நான்கு வரி நீளும். அதை ஒரே வரியில் நெருக்கினால் கடிதம் பக்கத்துப் பிரிவுக்குப் போய்விடும்.

எக்செலில் அம்புக்குறி விசையை அழுத்தினால் கட்டம் மாறாமல் தாள் முழுவதும் நகர்கிறது. என்ன செய்வது?

ஸ்க்ரோல் லொக் விழுந்திருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் சரியாகிவிடும். பல மடிக்கணினிகளில் அந்த விசையே இருக்காது. தொடக்கப் பட்டியலில் திரை விசைப்பலகை (On-Screen Keyboard) என்று தேடித் திறந்தால் அதில் இருக்கும்.

கொன்ட்ரோல் எதைக் கட்டுப்படுத்துகிறது?

எழுத்து அச்சிடாமல் இயந்திரத்துக்குக் கட்டளை இடுவதே அதன் பிறவி வேலை. தொலைவிலிருந்து செய்தி அச்சிடும் டெலிடைப் இயந்திரங்களில் கொன்ட்ரோலுடன் ஜீயை அழுத்தினால் மறுமுனையில் மணி அடிக்கும். இன்றும் அதே பொருள்தான்: எஸ் தனியே அழுத்தினால் எழுத்து, கொன்ட்ரோலுடன் அழுத்தினால் "சேமி" என்ற கட்டளை.

கொன்ட்ரோலும் எஸ்ஸும். மற்றெல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் இங்கே ஒரு மரம் கம்பியில் சாய்வதற்கு நேரம் காலம் கிடையாது. மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு. மேசைக் கணினி அந்த நொடியே அணைந்துவிடும். ஒரு பந்தி எழுதினால் ஒருமுறை கொன்ட்ரோல் எஸ். விரலுக்கு அது பழக்கமாகவேண்டும்.

வெட்டுவதற்கு எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்டுவதற்கு வி. இந்த வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். 1970களில் அமெரிக்காவின் செராக்ஸ் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றினார். 2020 பெப்ரவரியில் காலமானார். எக்ஸ், சி, வி மூன்றும் கீழ்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில், இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. வலது கை மவுஸிலேயே இருக்கலாம்.

எழுதியதெல்லாம் ஒரே நொடியில் மறைந்துவிட்டது. திரும்ப வருமா?

வரும். கொன்ட்ரோலும் இசட்டும் அழுத்துங்கள். வேறு எந்த விசையையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர் தம் தோட்டத்துக் கோயில் திருவிழாக் கணக்கைத் தட்டுவதற்கு எங்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். ஒற்றை விரலால் மூன்று மாலைகள் தட்டி மூன்று பக்கம் சேர்த்திருந்தார். ஒரு நாள் கை தவறிக் கொன்ட்ரோலுடன் ஏ அழுத்தப்பட்டது. அது எல்லாவற்றையும் தெரிவுசெய்துவிட்டது. அடுத்து ஓர் எழுத்தைத் தட்டினார். மூன்று பக்கமும் போய், வெள்ளைத் தாளில் ஒரே ஒரு "க" நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "மகள், எல்லாம் போய்விட்டது" என்றார். குரலே எழும்பவில்லை. நான் அவர் கையைப் பிடித்து இரண்டு விசைகளின் மேல் வைத்தேன். அழுத்தினார். தேங்காய், பூ, மேளம், பந்தல் என்று அத்தனை வரியும் அப்படியே திரும்பி வந்தன. அதற்குப் பிறகு புதிதாக வருகிற எந்தப் பிள்ளைக்கும் முதலில் இதைச் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான்.

தவறுதலாகத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் கொன்ட்ரோலும் வையும் அழுத்தினால் மறுபடி செய்துவிடும்.

எஸ்கேப் எதிலிருந்து தப்பிக்க?

திறந்த பட்டியல், முழுத்திரைக் காணொளி, எக்செலில் பாதி தட்டிய தவறான எண் எல்லாவற்றிலிருந்தும். 1960 அளவில் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த பாப் பெமர் இதை முன்வைத்தார். அன்று ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் எழுத்துகளுக்கு வெவ்வேறு குறியீடு வைத்திருந்தது. ஒரு குறியீட்டு முறையிலிருந்து வெளியேறி இன்னொன்றுக்குப் போவதற்கே "தப்பித்தல்" என்று பெயர் வைத்தார்கள். என்ன செய்வதென்று தெரியாத திரை வந்தால் எஸ்கேப்பை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அது எதையும் கெடுக்காது.

கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட் மூன்றையும் ஒன்றாக அழுத்தச் சொல்வது ஏன்?

ஐபிஎம் நிறுவனத்தின் பொறியியலாளர் டேவிட் பிராட்லி இதை உருவாக்கினார். 1981 இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியை உருவாக்கும்போது, உறைந்து நின்ற இயந்திரத்தை மறுபடி தொடக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. தற்செயலாகக் கைபட்டு நடந்துவிடக்கூடாது என்பதற்காகவே தள்ளித் தள்ளி இருக்கும் மூன்று விசைகளைத் தெரிந்தெடுத்தார். இன்றைய விண்டோஸில் இது கணினியை உடனே அணைப்பதில்லை; ஒரு நீலத் திரையைத் தரும், அதில் பணி மேலாளரை (Task Manager) திறந்து உறைந்த செயலியை மட்டும் மூடலாம். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் சேர்த்தால் பணி மேலாளர் நேரே திறக்கும். மின்சுவிட்சைப் பிடுங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

@ குறி வேண்டிய இடத்தில் மேற்கோள் குறி வருகிறது. விசைப்பலகை பழுதா?

பழுதில்லை. அமெரிக்க முறையில் @ குறி ஷிப்டும் இரண்டும். பிரித்தானிய முறையில் அதே இடத்தில் இரட்டை மேற்கோள் குறி. நம் கடைகளில் விற்கும் பலகைகளில் பெரும்பாலும் அமெரிக்க முறையே அச்சாகியிருக்கும். கணினியின் அமைப்பில் பிரித்தானிய ஆங்கிலம் தெரிவாகியிருந்தால் இரண்டும் இடம் மாறிவிடும். மொழி அமைப்பில் ஐக்கிய அமெரிக்க ஆங்கிலப் பலகையைத் தெரிவுசெய்தால் போதும். இதற்காக ஒரு தம்பி புதுப் பலகை வாங்கிவிட்டு வந்து என்னிடம் கேட்டான். இரண்டாவது பலகையிலும் மேற்கோள் குறிதான் வந்தது. அந்தப் பணம் அவனுடைய அம்மாவின் கொழுந்துச் சம்பளம். அதனால்தான் இதைத் தனிக் கேள்வியாகவே எழுதுகிறேன்.

மேல்வரிசையில் எப்1 முதல் எப்12 வரை இருப்பவற்றை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். எப்2 கோப்பின் பெயரை மாற்றும். எக்செலில் கட்டத்துக்குள் திருத்த விடும். எப்5 பக்கத்தைப் புதுப்பிக்கும். எப்7 வேர்ட்டில் எழுத்துப்பிழை பார்க்கும். எப்4 எக்செலில் சூத்திரத்துக்குள் ஒரு கட்டத்தின் முகவரியை நிலைநிறுத்தும். கிலோவுக்கான விலை ஒரே கட்டத்தில் இருக்க, அதைப் பட்டியல் முழுவதும் பெருக்கும்போது இது இல்லாமல் முடியாது. ஓல்ட்டும் எப்4உம் சேர்ந்தால் சாளரம் மூடும். இவ்வளவே போதும்.

மடிக்கணினியில் எப்2வை அழுத்தினால் வெளிச்சம் குறைகிறது. ஒலி, வெளிச்சம், வைபை ஆகியவற்றையும் அதே விசைகளில் வைத்திருப்பதால் எப்என் என்ற சிறு விசையைச் சேர்த்து அழுத்தவேண்டும். பல மடிக்கணினிகளில் எப்என்னும் எஸ்கேப்பும் சேர்ந்தால் இந்த முறை தலைகீழாகும். இணையம் திடீரென்று நின்றுவிட்டால், விமானப் படம் போட்ட விசையில் கைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

திரையில் இருப்பதைப் படமாக எடுப்பது எப்படி?

பிரின்ட் ஸ்கிரீன் விசை. பெயர் அச்சிடு என்று சொன்னாலும் அச்சிடாது. பல கணினிகளில் நினைவில் நகலெடுக்கும், நாம் ஒட்டிக்கொள்ள வேண்டும்; புதிய விண்டோஸ் 11 இல் வெட்டும் கருவி திறக்கும். விண்டோஸ் விசையுடன் சேர்த்தால் படங்கள் கோப்புறையில் தானே சேமிக்கும். விண்டோஸ், ஷிப்ட், எஸ் சேர்த்தால் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டலாம். இணையத்தில் விண்ணப்பம் அனுப்பியதும் வரும் உறுதித் திரையைக் கட்டாயம் இப்படி எடுத்து வையுங்கள்.

பேக்ஸ்பேஸ், டிலீட் இரண்டும் அழிக்கின்றனவே, வேறுபாடு என்ன?

பேக்ஸ்பேஸ் கர்சருக்கு இடப்பக்கம் இருப்பதை அழிக்கும், டிலீட் வலப்பக்கம் இருப்பதை. தமிழில் இன்னொரு வேறுபாடும் உண்டு, அது அழகானது. ஒருங்குறியில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டு முறையில், "மி" என்பது ம, இகரக் குறி என்ற இரண்டு துண்டுகள். விண்டோஸில் பேக்ஸ்பேஸ் பெரும்பாலும் குறியை மட்டும் எடுக்கும், "ம" மிஞ்சும். டிலீட் முழு எழுத்தையும் எடுத்துவிடும். "மி" என்பதை "மீ" ஆக்க ஒரு பேக்ஸ்பேஸ் போதும், மெய்யை மறுபடி தட்ட வேண்டியதில்லை.

புதிதாகத் தட்டுவது பழைய எழுத்தை விழுங்கிக்கொண்டே போனால் அது இன்சேர்ட் விசையின் வேலை. மறுபடி அழுத்துங்கள்.

ஷிப்டை அழுத்திக்கொண்டிருந்தபோது ஒரு பீப் ஒலியும் பெட்டியும் வந்தது. வைரஸா?

இல்லை. ஷிப்டை விட்டுவிட்டு ஐந்து முறை அழுத்தினால் ஒட்டு விசைகள் என்ற வசதி திறக்கும். அதில் கொன்ட்ரோலை அழுத்திவிட்டுக் கையை எடுத்து, பிறகு எஸ்ஸை அழுத்தினாலும் இரண்டும் சேர்ந்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும். வேண்டாமென்றால் "இல்லை" என்று மூடிவிடலாம். ஆனால் எங்கள் வகுப்புக்கு வந்த ஓர் அண்ணன் விபத்தில் இடது கையை இழந்தவர். இந்தப் பெட்டியைக் காட்டி "ஆம்" என்று அழுத்தச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் ஒற்றைக் கையால் எல்லாக் கட்டளைகளையும் இடுகிறார்.

தமிழில் தட்டுவதற்கு எந்த விசையால் மாறுவது? பாமினியையே வைத்துக்கொள்ளலாமா?

விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்தால் மொழி மாறும்.

பாமினியைப் பற்றி மனம் திறந்து சொல்கிறேன். இலங்கையில் அது நமக்கு நீண்ட காலம் சோறு போட்ட எழுத்துரு. அச்சகங்களில் இன்றும் அதில் வேகமாகத் தட்டுகிறவர்களை மதிக்கிறேன். ஆனால் பாமினியில் "தமிழ்" என்று திரையில் தெரிவது கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குவியல்தான். தமிழ் என்பது அந்த எழுத்துருவின் முகமூடி. எழுத்துரு இல்லாத கணினிக்கு அனுப்பினால் முகமூடி கழன்றுவிடும். நீங்கள் உயிரைக் கொடுத்து எழுதிய கட்டுரையைக் கூகுள் தேடலில் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒருங்குறியில் எழுதினால் தமிழ் கணினிக்குள்ளும் தமிழாகவே இருக்கும்.

பாமினிக் கை பழகியவருக்கு, தட்டச்சு இயந்திர வரிசையை ஒட்டிய ரெங்கநாதன் பலகை எளிதாக வரும். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்குத் தமிழ்99ஐச் சொல்லிக்கொடுக்கிறேன். 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த முறை அது. உயிர் பெரும்பாலும் இடது கையில், மெய் வலது கையில். க இரண்டு முறை தட்டினால் "க்க" தானாக வரும், புள்ளி தேட வேண்டியதில்லை.

பிளேன்டீ கொட்டிவிட்டது. சில விசைகள் வேலை செய்யவில்லை. எறிந்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். மேசைக் கணினியின் பலகை என்றால் உடனே கம்பியைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடியுங்கள். மடிக்கணினி என்றால் மின்சாரத்தைத் துண்டித்து அணைத்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள், தானே திறந்து பார்க்க வேண்டாம்.

சாதாரணப் பலகையின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் அடுக்காக இருக்கும். அவற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடுகின்றன; விசையை அழுத்தும்போது ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொடுகின்றன. ஒரு கோடு கெட்டால் அதில் இருக்கும் விசைகள் எல்லாம் சேர்ந்தே போகும். அதனால்தான் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து விசைகள் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. தண்ணீர் காய்ந்துவிடும், சீனி காயாது, ஒட்டிக்கொள்ளும். வெளிப் பலகையென்றால் விசைகளைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு இணைத்துப் பாருங்கள். பனிக்காலத்தில் இங்கே எதுவும் எளிதில் காயாது. இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் பலகையைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்த விசை எந்த இடத்தில் இருந்தது என்று பிறகு தேட வேண்டியிராது.